நாற்பத்தொன்று

கெலுகோர் ஆய்வகத்தில்
இன்று மூன்றாம் நாள் பட்டினி.
எனக்கில்லை,
தட்டிலிருக்கும் மிக்ஸோகாக்கஸுக்கு.
மூடியைத் திறக்க இன்னும் மனம் வரவில்லை.

ஊட்டமில்லாத அகாரில் ஒரு துளி இட்டால்
முதலில் ஒவ்வொன்றும் தனித்தனியே பசிக்கும்.
பிறகு தன் உடம்பின் புரதத்தையே அரிந்து
கொஞ்சம் அமினோ அமிலம் வெளியே கசியவிடும்:
என்னிடம் இல்லை, உன்னிடம்?
இல்லை என்பவர்கள் போதிய அளவு சேர்ந்த பிறகே
எதுவும் அசையும்.

அதற்குமேல் கசிவு போதாது, தொடவேண்டும்.
நுனியோடு நுனி முட்டி,
உரசி, வரிசையாகி, திரும்பி,
ஒன்றன்மேல் ஒன்றேறி
ஒரு லட்சம் உயிர் ஒரு மஞ்சள் மேடாகும்.
உள்ளே சில உருண்டு வித்தாகும்.
பெரும்பாலானவை வெடித்துக் கரையும்.
அந்த வரியை மட்டும்
டாக்டர் மங்கையர்க்கரசி வேகமாகச் சொல்லிக் கடப்பார்.

என் பங்குக்கு வந்தது ஊமை வகை.
முறிந்தது ஒரே ஒரு மரபணு.
யாராவது தொட்டால் புரியும்,
தொட்டுச் சொல்லத்தான் தெரியாது.
தனியே பட்டினி போட்டால்
காய்ந்த கஞ்சிபோல் பரந்து கிடக்கும்.

போன மாதம் எங்கள் பிளாட்டிலும்
குழாய் வற்றி மூன்றாம் நாள்.
எங்கோ பெரிய குழாய் உடைந்ததாம்.
வாட்சப் குழுவில் நான் இல்லை.
எட்டு வருடமாக லிப்டில்
எண்களையே பார்த்துப் பழகியவள்.
இரவு பதினொன்றுக்கு யாரோ கதவை உதைத்தார்கள்.
பதினான்காம் மாடி ரொஹாயா.
இரண்டு கையிலும் வாளி, அதனால் கால்.
"லோரி ஆயேர் டா சம்பாய்!"

கீழே, கார் நிறுத்துமிடத்தில் இருநூறு பேர்.
பைஜாமாவோடு மிஸ்டர் தியோ ஹோஸைப் பிடிக்க
வாளிகள் கைமாறிக் கைமாறிப் படியேறின.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இடப்பக்கம் வந்ததை வலப்பக்கம் கொடுத்தேன்.
ஈரக் கைப்பிடி, அதில் யாருடையதோ சூடு.
இரண்டு மணிக்கு வீடு திரும்பினால்
என் வாசலில் மூடி போட்ட இரண்டு வாளி நிறையத் தண்ணீர்.
யார் வைத்ததென்று இன்றுவரை தெரியாது.

அந்த வாரமே
ஊமையையும் பேசுவதையும் சரிபாதி கலந்து
பட்டினி போட்டேன்.
ஐம்பது டிகிரியில் இரண்டு மணி நேரம்;
வித்தாகாததெல்லாம் செத்தது.
மிஞ்சியதைக் கரைத்துக் கனமைசின் தட்டில் பரப்பினேன்.
அந்த மருந்தைத் தாங்குவது என் ஊமை மட்டும்தான்.
ஆறாம் நாள் எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
கதவைச் சாத்திவிட்டு மறுபடி எண்ணினேன்.

அதில் ஒன்றை எடுத்து வளர்த்து
மீண்டும் தனியே பட்டினி போட்டதுதான் இந்தத் தட்டு.
திறக்கிறேன்.
மேடில்லை.
காய்ந்த கஞ்சி.
வாங்கிய உதவி மரபணுவில் ஏறுவதில்லை.
எதிர்பார்த்ததுதான்.
தேதி போட்டு "இல்லை" என்று எழுதுகிறேன்.
என் கையெழுத்து இவ்வளவு சிறியதா?

குழாயில் தண்ணீர் வந்து மூன்று வாரமாகிறது.
லிப்டில் ரொஹாயா.
இருவரும் எண்களைப் பார்க்கிறோம்.
எட்டு. ஒன்பது.
என் கதவின் அடியில்
அவள் செருப்புத் தடம் அப்படியே இருக்கிறது.
ஈரத்துணி பட்டால் போய்விடும்.
பத்து.
"மாக்கான் சுடா?" என்று கேட்கத் தொடங்குகிறேன்,
முதல் எழுத்திலேயே குரல் உடைகிறது.
அவள் திரும்பிப் பார்க்கிறாள்.