ஏலத்தில் வந்த அட்டை

அறுப்பின் பண்டிகைக்கு
ஏலக் கணக்கு எழுதுவது நான்தான்.
பதினேழு வருஷமாக ஒரே நோட்டு,
ஒரே நீல மை.

அன்றைக்கும் முதலில் எலுமிச்சம்பழம்.
கோயில் மரத்தில் காய்த்தது, ஒற்றைப் பழம்.
ரைஸ்மில் தங்கப்பழம் ஏழாயிரம் என்றார்.
போன வருஷம் அவர் தம்பி ஆறாயிரத்துக்கு எடுத்திருந்தார்,
அதனால் ஏழாயிரம்.
கை தட்டினோம்.
பிறகு சேவல், ஏத்தங்குலை, ஒரு சாக்கு வத்தல்,
யாரோ செய்து வந்த முந்திரிக்கொத்து.

அப்போதுதான் மேசைக்கு வந்தாள் புஷ்பக்கனி.
பீடித் தூள் ஏறிப் பழுத்த விரல்களால்
முந்தியிலிருந்து ஒரு அட்டையை அவிழ்த்து
பூசணிக்காய் இருந்த இடத்தில் வைத்தாள்.

குழுக்கடன் அட்டை.
செவ்வாய்க்குச் செவ்வாய் கையெழுத்து விழுந்த கட்டங்கள்.
மே மாதத்துக்குப் பிறகு வெறும் கட்டங்கள்.
"விளைஞ்சதைக் கொண்டாரச் சொன்னீங்கள்லா," என்றாள்.
"என் வீட்டுல இதுதான் விளைஞ்சுது."

ஏலம் கூறும் ஞானசிகாமணிக்கு
முக்கூடல் வரைக்கும் கேட்கும் தொண்டை.
அது அடைத்துக்கொண்டது.
ஒரு தரம் என்பதா?
கூட்டிக் கேட்பதா, குறைத்துக் கேட்பதா?
மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

முப்பத்தோராயிரத்து நானூறு.
பாதி, புருஷனின் சிறுநீரகத்துக்கு
பாளையங்கோட்டையில் போனது.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும்
ராத்திரி வரை அவள் வாசலில் உட்கார வேண்டும்.
ஒன்பதில் நாலு பேர் எங்கள் பாடகர் குழு.
செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு ஆள் வருவதில்லை என்று
ஆசீர் ஐயர் பிரசங்கத்திலேயே கடிந்திருக்கிறார்.
இப்போது அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"இதுக்கு இடம் கொடுத்தா
அடுத்த வருஷம் எல்லாவளும் அட்டையோட வருவா,"
தங்கப்பழம் எலுமிச்சம்பழத்தை உருட்டியபடி சொன்னார்.

"வரட்டும்," என்றாள் ஐயரம்மா.

அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஒரு நாள்."
ஆயிரம் பீடி. அதன் கூலி.
இன்னொருத்தி, "எனக்கும் ஒரு நாள் போடுங்க."
"ரெண்டு நாள்."
ஆண்கள் பக்கம் கொஞ்சம் தாமதித்து,
ஒரு கொத்தனார், ஒரு ஷேர் ஆட்டோ,
சம்பளம் எவ்வளவென்று சொல்லாத ஒரு வாத்தியார்.
என் நோட்டில் பொருள் உண்டு, பெயர் உண்டு, ரூபாய் உண்டு.
நாள் என்று ஒரு பத்தி இல்லை.
ஸ்கேல் இல்லாமல் கோடு போட்டேன், கோணிப் போனது.
கூட்டிப் பார்த்தால் அறுபத்திரண்டு நாள்.
கடனில் பாதிக்குக் கொஞ்சம் பக்கம்.

மீதிக்கு, வந்த செவ்வாய்க்கிழமை
அதே வாசலில் ஐயரும் ஐயரம்மாவும் போய் உட்கார்ந்தார்கள்.
வசூலுக்கு வந்த மானூர்ப் பையன்
ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றான்.
ஆறு மணிக்கு மேல் எந்தப் பெண்ணும் இங்கே உட்காரமாட்டாள்,
தவணையைப் பாதியாக்கு, மேனேஜரைக் கூப்பிடு.
மேனேஜர் மூன்றாவது வாரம் வந்தார்.
அதுவரை அந்தப் பையனுக்கும் கடுங்காப்பி கொடுத்தார்கள்.
அவனுக்கும் அங்கே ஒரு கடன் இருந்தது.

ஞானசிகாமணியின் தொண்டை ஏன் அடைத்தது என்று
ஊரில் எனக்கு மட்டும் தெரியும்.
என் மேசை டிராயரில் எட்டு புரோநோட்டு.
நூற்றுக்கு மூணு வட்டி.
அதில் ஒன்று அவனுடையது.

ஞாயிறுதோறும் ஜெபத்தில்
குற்றங்களை மன்னியும் என்கிறோம்.
பழைய அச்சில் அந்த இடத்தில்
கடன் என்றிருக்கும்.
சின்ன வயதில் அதை அச்சுப்பிழை என்று நினைத்திருந்தேன்.

எட்டையும் கிழித்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும்.
கிழிக்கவில்லை.
வட்டியை மட்டும் அடித்தேன்,
அதே நீல மையால்.
முதல் நிற்கிறது.

அந்த வரி வரும்போது இப்போதெல்லாம்
வாயை மட்டும் அசைக்கிறேன்.
பக்கத்தில் ஞானசிகாமணி
முக்கூடலுக்குக் கேட்கும்படி சொல்கிறான்.