பத்து கிலோவுக்குக் கீழே

பரவை மார்க்கெட் ரோட்டில்
எடை மேடை ஒன்றில் எனக்குச் சாயங்கால ஷிப்ட்.
ஒட்டன்சத்திரத்து வெங்காய லாரி
ஏறி நிற்கும், இறங்கிப் போகும்.
சரக்கு எடையில் காலி எடையைக் கழித்தால்
மிச்சம் வியாபாரம்.
ஒரு மூட்டை கூடினாலும்
டிரைவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

தர்ஷித் பிறந்தபோது ஒன்று எண்ணூறு.
பெரியாஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்
பதினேழு நாள் கிடந்தான்.
பிறகு அங்கன்வாடியில்
பஞ்சவர்ணம் டீச்சர் மாதாமாதம் அவனைத் தொங்கவிட்டு
அட்டையில் புள்ளி வைத்தார்.
சிவப்பு. சிவப்பு. மஞ்சள்.
இரண்டரை வயதில்
பச்சைக்குள் ஒரு புள்ளி விழுந்த அன்று
மூன்று பேரும் பன் பரோட்டா சாப்பிட்டோம்.

அதோடு அட்டையை மூடி
நகைச்சீட்டுக் கவருக்கு அடியில்
பீரோவில் வைத்தாள் மீனலோசனி.
தேறிவிட்டான், இனி என்ன.
"வளர்ற பிள்ளைய நிறுக்காதீக, கண்ணு பட்டுரும்"
என்றார்கள் எதிர்வீட்டில்.
நிறுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற எனக்கும்
அது சரி என்றே பட்டது.

ஊட்டிய கை மட்டும் நிற்கவில்லை.
பயம் போன பிறகும்
பயம் பிடித்திருந்த கரண்டி
அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தது.
ராத்திரி பதினொரு மணிக்குப் பார்சலோடு வந்து
தூங்குகிறவனை எழுப்பி உட்கார வைத்து
சால்னாவில் பிய்த்துப் போட்டவன்
நான்தான்.
கண்ணைத் திறக்காமலே மெல்லுவான்.
அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது,
பொய் சொல்லக் கூடாது.

பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸ் ஜெபக்கனி
வயது ஒன்பது, உயரம் நூற்று முப்பத்தொன்று,
எடை நாற்பத்தாறு என்று எழுதிவிட்டு
பழைய அட்டையைக் கொண்டுவரச் சொன்னார்.
இப்போதைய புள்ளிக்கு அதில் இடமில்லை.
வேறு தாளில் வைத்தார்.
எல்லாக் கோட்டுக்கும் மேலே
வெள்ளையில் தனியாக நின்றது.
இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
"நடுவுல ஆறு வருஷத்தக் காணோமே சார்" என்றார்.
திட்டியிருக்கலாம்.
"மாசத்துக்கு அரைக் கிலோகூட இல்ல,
கண்ணுக்கு எப்படித் தெரியும்?
பட்டினி போட்டுராதீங்க.
எடை அங்கனயே நிக்கட்டும்,
உயரம் வந்து சேந்துக்கும்."

சனிக்கிழமை என்னோடு வந்தவன்
லாரி நிற்கிற இடத்தில் ஏறி நின்றான்.
சிவப்பு எழுத்தில் ஐம்பது என்றது மேடை.
அது பத்துப் பத்தாகத்தான் பேசும்.
நாற்பத்தாறும் அதற்கு ஐம்பது,
நாற்பத்து நாலும் அதற்கு நாற்பது.
இடையில் நடப்பது எதையும் சொல்லாது.
எங்கள் வீடும்
இத்தனை நாள் அப்படித்தான் நிறுத்திருக்கிறது.

"அப்பா, என் காலி எடை எவ்வளவு?"
ஒன்று எண்ணூறு என்று
நாக்கு நுனி வரை வந்தது.
பின்னால் லாரி ஹாரன் அடித்தது.
குதித்து இறங்கி ஓடிவந்தான், மூச்சு வாங்க.

முதல் தேதி காலையில்
புதிதாக வாங்கிய குளியலறைத் தராசில் ஏற்றினோம்.
நாற்பத்தைந்து எண்ணூறு.
நான் கொண்டுவந்திருந்த எடைச்சீட்டில்
வண்டி எண் இருக்கும் இடத்தில் அவனே பெயர் எழுதினான்.
சரக்கு என்ற கட்டத்தில்
பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு
இட்லி மூணு
என்று போட்டான்.