அவ்வப்போது

எங்கள் கம்பெனி ஒரு வியாழக்கிழமை விற்கப்பட்டது.
எங்களுக்குத் தெரிந்தது வெள்ளி மதியம்,
அம்மாப்பேட்டையில் மாதாந்திர மின்தடை முடிந்து
மோடத்தில் பச்சை விளக்கு எரிந்த பிறகு.

புது நிர்வாகம் புனேயிலிருந்து பேசியது:
இனி நாம் ஒரே குடும்பம்.
ஒப்பந்தக்காரர்களுக்கு மட்டும் குடும்பத்தில் தனிப் பந்தி.
ஒன்றாம் தேதி முதல் கருப்பூர் அலுவலகம்,
வாரம் ஐந்து நாள்.
நாலாம் பிரிவைத் திரையில் காட்டினார்கள்:
"பணியிடம், நிறுவனம் அவ்வப்போது தீர்மானிக்கும் இடம்."

மூன்று வருஷம் அந்த வரியின் மேல் உட்கார்ந்துதான்
வேலை பார்த்திருக்கிறோம்.
முள் குத்தியதில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து ரோட்டில்
தட்டுவடை செட் கடைக்குப் பின்னால் நாலு பேர் கூடினோம்.
சர்புதீன் செல்போனில் பெட்ரோலைக் கூட்டினான்.
கோதண்டம் அண்ணன், ஐம்பத்திரண்டு வயது,
பி.எஃப். இல்லாத இடத்தில் பேரம் ஏது என்றார்;
சொல்லிவிட்டு இன்னொரு செட் வாங்கினார், காரம் தூக்கலாக.
ஜெசிந்தா ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருந்தாள்,
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
ஒரே எலுமிச்சம்பழத்தை மோந்தபடி.
கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்று
முதலில் அவள் பேசினாள்:
"இறங்க ரெண்டு பஸ், ஏற ரெண்டு பஸ்.
பனி மூடிட்டா அந்த நாலும் இல்ல.
நான் வேலையை விடணும், இல்ல மலையை விடணும்."

பீட்ரூட் கறை படிந்த காகிதத்தில் எழுதினோம்:
வாரம் ஒரு நாளுக்கு மேல் இல்லை.
"அவ்வப்போது" போகவேண்டும்.
யாரும் தனியாகத் தலையாட்டக் கூடாது.

நான் சொல்லாத ஒன்று இருந்தது.
எனக்கு அலுவலகம் பிடிக்கும்.
என் மேசைக்குப் பின்னால் சுவர்,
சுவருக்குப் பின்னால் மாமனாரின் நாலு விசைத்தறி.
அமெரிக்காவில் யாரோ பல் பிடுங்கிக்கொண்ட பில்லுக்காக
இன்சூரன்ஸ்காரியோடு பேசும்போது கேட்பாள்:
அங்கே மழையா?
ஆமாம் என்பேன்.
மூன்று வருஷமாகச் சேலத்தில் மழை.
அக்னி நட்சத்திரத்திலும் விடாத மழை.
ஒரு ஏசி அறை, சுழலும் நாற்காலி,
நானே சாத்திக்கொள்ள ஒரு கதவு.
எதிரில் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தவளிடம்
இதை எப்படிச் சொல்வது?

அவர்கள் எங்களைத் தனித்தனியாகவே அழைத்தார்கள்.
ஒன்பதரைக்குக் கோதண்டம் அண்ணன். பத்துக்குச் சர்புதீன்.
குழுவில் இருவரிடமிருந்தும்
ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை.
பத்தரைக்கு நான்.

பேடேகர் மேடம் குரலில் கடுமை இல்லை,
அதுதான் சங்கடம்.
"அலுவலகம் வருவது உங்களுக்குச் சிரமமா?"
"இல்லை," என்றேன். பொய் இல்லை.
"ஜெசிந்தாவுக்குச் சிரமம்."
"அவருக்கு வேறு நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.
உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

அந்நேரம் பார்த்து, தார் மாற்றி
மூன்றாம் தறி ஓட ஆரம்பித்தது.
"அங்கே மழையா?"

மியூட்டின் மேல்தான் விரல் இருந்தது.
"மழை இல்லை மேடம், தறி.
இந்தச் சத்தத்துக்குள்ளிருந்துதான்
மாசம் ஆயிரத்து நூறு பில், பிழையில்லாமல் வருகிறது.
ஒரு நாள் வருகிறோம். நாலு பேரும் ஒரு நாள்.
அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள்."

கொஞ்ச நேரம் புனேயிலும் தறிதான் ஓடியது.

புதன்கிழமை புது ஒப்பந்தம் வந்தது.
வாரம் இரண்டு நாள்.
ஜெசிந்தாவுக்கு மாதம் இரண்டு நாள்,
பில்லுக்கு ஒன்றரை ரூபாய் குறைத்து.
"அவ்வப்போது" இல்லை.
அது இருந்த இடத்தில் "தேவைக்கேற்ப".

சர்புதீன் சிரிக்கும் மூஞ்சி ஒன்று போட்டான்.
கோதண்டம் அண்ணன் "யாரோட தேவை" என்று எழுதி அழித்தார்;
நான் அதற்குள் படித்துவிட்டேன்.
ஜெசிந்தா ஒன்றரையை ஆயிரத்து நூறால் பெருக்கி
விடையை மட்டும் அனுப்பினாள்:
1650.

மூன்றால் வகுத்தேன்.
ஆளுக்கு ஐந்நூற்று ஐம்பது.
தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்,
இன்னும் அனுப்பவில்லை.