பத்துப் பத்தாக நகரும் எண்கள்

ராணிப்பேட்டை சிப்காட் முனை எடைமேடையில்
நான் இரவு ஆள்.
தோல் லோடு, உப்பு லோடு, நிலக்கரிச் சாம்பல்
ஏறி நிற்கும்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் நடுங்கி அடங்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
என் எந்திரம் பத்துப் பத்தாகத்தான் நகரும்.
அதற்கும் கீழே உள்ளது அதற்குத் தெரியாது.

செவ்வந்தி ஆடியில் இருபத்துமூன்று கிலோ,
தையில் பத்தொன்பது.
என் எந்திரத்தைக் கேட்டால்
இரண்டும் இருபதுதான்.

வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு
வங்காளி எழுத்துப் பலகைகள் தொங்கும் சந்து வழியே
இருட்டோடு போய் வரிசையில் நின்றோம்.
குழாய் விட்டுப் பார்த்தார்கள்.
திரையில் அவள் குடல்
கொசு கடித்துச் சொறிந்த கால்போல இருந்தது.
மலையாளம் கலந்த தமிழில் டாக்டரம்மா
"சர்க்கரை மாதிரி. கூடவே இருக்கும்" என்றார்.
ஒன்பது வயசுக்காரி குறுக்கே கேட்டாள்:
"ஸ்கூலுக்குமா?"

ஸ்டீராய்டில் முகம் ஊதியது.
வகுப்பில் "பன்னு" என்று பெயர் வைத்தார்கள்.

அப்புறம் ஆளாளுக்கு வழி சொன்னார்கள்.
குடியாத்தம் சித்த வைத்தியர்
மாதுளை ஓடும் வில்வப் பிஞ்சும் இடித்த தூளை
மோரில் கலக்கச் சொன்னார்.
மேல்விஷாரம் யூனானிக்காரர்
நாடி பிடித்துச் "சூடு" என்றார்.
வைகாசி வெயில்;
இந்த ஜில்லாவில் யாருக்குத்தான் சூடு இல்லை?
கொழுந்தியாள் சுகந்தி கோதுமையை நிறுத்தினாள்.
ஆற்காட்டு ஹோமியோபதி உருண்டைகளை மட்டும்
செவ்வந்தி கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள்.
அவை இனித்தன.

ஒருத்தரும் கெட்டவர் இல்லை.
அதுதான் சிரமம்.
ஏமாற்றுக்காரன் ஒருவன் கிடைத்திருந்தால்
அவனைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.
சித்த வைத்தியர்கூட
"இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றுதான் அனுப்பினார்.
டாக்டரம்மா தூளை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து
"இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார்.
அத்தனை பேரில்
தெரியாது என்று சொன்ன ஒரே ஆள்.

ஒரு திங்கட்கிழமை ரத்தம் நின்றது.
ஒன்பது நாள்.
"தூள் கேட்டுச்சு" என்றாள் குணவதி.
"மாத்திரை" என்றேன்.
கல்யாணமான நாளிலிருந்து போடாத சண்டையெல்லாம்
அதற்குள் வந்து உட்கார்ந்தது.

பத்தாம் நாள் பேனா தேடி
அவள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன்.
பாகைமானிக்கு அடியில் பதினோரு மாத்திரைகள்.
பக்கத்தில் தூள் பொட்டலங்கள், மடிப்புக் கலையாமல்.
எங்கள் இருவரையும்
அவள் சரிசமமாக மறுத்திருந்தாள்.

அடிக்கவில்லை. கேட்டேன்.
"ஜூன்ல பன்னு இல்லாமப் போகணும்ப்பா."

டாக்டரம்மா கோபப்பட்டது அன்றைக்குத்தான்.
எங்கள்மேல்; அவள்மேல் இல்லை.
அந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் ஆபத்து,
ரத்தம் சில நாள் தானே அடங்கும், தானே எழும்,
அதை யார் கணக்கிலும் எழுதாதீர்கள் என்றார்.
பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு
எந்தத் தேதியில் எத்தனை, எப்போது அரை,
முகம் எப்போது இறங்கத் தொடங்கலாம் என்று
காகிதத்தில் கட்டம் போட்டார்.
ஒரு கட்டத்தைச் செவ்வந்தி மாற்றச் சொன்னாள்.
யோசித்து, மாட்டேன் என்றார்.
இன்னொன்றை மாற்றினார்.

தூள் டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது.
குணவதி அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.

நேற்று ராத்திரி அவளை வேலைக்குக் கூட்டி வந்தேன்.
இரண்டு லாரிக்கு நடுவில்
செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினாள்.
இருபது.
"பொய் சொல்லுதுப்பா."
"ஆமா."
பின்னால் ஹாரன் அடித்தது. இறங்கினாள்.
எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்பதைக் கேட்டாள்:
"இங்க பாத்ரூம்ல லைட் எரியுமா?"
சாயங்காலமே புது பல்பு மாட்டியிருந்தேன்.
இரண்டு பக்கெட் தண்ணீரும்.