அடுத்த தணிக்கை

நீர்க்கடுப்பென்று மூன்று முறை
மாத்திரை கொடுத்தார்கள் பலதுறை மருந்தகத்தில்.
நானும் வெயிலைத்தான் குற்றம் சொன்னேன்.
நாளெல்லாம் சாலையோர மரங்களை அண்ணாந்து பார்ப்பவள்,
குடித்தால் கழிப்பறை தேட வேண்டுமே என்று
குடிக்காமலே இருப்பவள்.
நான்காம் முறை
நிறம் ரோஸ் பாண்டுங் ஆனது.

ஊட்ரமில், திரையில், டாக்டர் இயோ
என் உள்ளைக் காட்டினார்:
இளஞ்சிவப்பில் ஒரு பெரணி.
மெல்லிய காம்பு, விரிந்த மடல்கள்,
நீர் அசைய அசைந்தது.
பயத்தை மறந்து ஒரு கணம்
என்ன இனமென்று யோசித்தேன்.

"இது பரவாயில்லை. வெளிப்பக்கம் வளர்வது.
காம்போடு நறுக்கலாம். திரும்ப முளைக்கும்,
ஆழம் போவது அபூர்வம்."
கருவியை நகர்த்தி நிறுத்தினார்.
அங்கே ஒன்றுமே இல்லை.
வெல்வெட்டில் தேநீர் சிந்தினாற்போல்
தட்டையாக ஒரு சிவப்பு.
"எனக்குக் கவலை இதுதான்."

தெரியும் டாக்டர்.
மக்கள் போன் போட்டுப் புகார் சொல்வதெல்லாம்
கிளையில் தொங்கும் பறவைக்கூட்டுப் பெரணியைத்தான்:
மரத்தைத் தின்கிறது, எடுங்கள்!
அது குடியிருக்கிறது, அவ்வளவுதான்.
விழுகிற மரத்தில் பெரும்பாலும்
வெளியே எதுவும் இராது.
வேர்க்கழுத்தில் காசளவு கறை.
சுத்தியலால் தட்டினால்
குரல் மாறும்.

ஒன்பதாம் நாள் அறிக்கை.
பெரணி, காம்போடு நின்றுவிட்டது.
கறை, உயர்தரமாம்,
அரிசிக்குச் சொல்வதுபோல.
மேற்படலத்தில் இருக்கிறது, இன்னும் இறங்கவில்லை.
இந்த 'இன்னும்' என்ற சொல்லை
நானே எத்தனை படிவத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்போது செவ்வாய்தோறும்
காசநோய்க் கிருமியைக் குழாய்வழி ஏற்றுகிறார்கள்,
பிறந்த கையோடு எனக்குக் குத்திய
அதே ஊசியின் உறவு.
இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும்.
பிறகு கழிப்பறைக்கு பிளீச்.

எத்தனை வருடம் என்றார்கள், ரொஹாயா கேட்டாள்.
அவளும் மரத்தணிக்கைக்காரி; அவள் கேட்கலாமா?
போன ஜூலை, மண்டாய் சாலையில்,
சாய்ந்த மழைமரத்துக்கு இருவரும் கையெழுத்திட்டோமே,
விழும், விழாது என்றா எழுதினோம்?
வைத்திருக்கவும்.
மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கவும்.

நேற்று பேருந்திலிருந்து பார்த்தேன், நிற்கிறது.
மணி ஆறரை, இலை மூடத் தொடங்கியிருந்தது.
இறங்கி ஒரு தட்டு தட்டிப் பார்க்கக்
கை துறுதுறுத்தது.
இறங்கவில்லை.
முட்டிக்கொண்டு வந்தது எனக்கு,
வீட்டுக்கு இன்னும் ஏழு நிறுத்தம்.