நான்காவது பொருள்

தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
உள்ளே அறுபது மடக்கு நாற்காலி போட்டோம்.
வந்தது முப்பத்தொரு பேர், ஒரு நாய்.
ஆற்றுக்கு அப்பால் கனடா.
இந்தப் பக்கம் நாங்கள், மார்ச் மாதச் சேறு,
கொதித்துக் கொதித்துக் கசந்துபோன காப்பி.

நான் குறிப்பெழுதுகிறவள்.
எனக்கு வாக்கில்லை, வாயுமில்லை.
மூன்று நிமிடம் ஆனதும்
சிவப்பு விளக்கைப் போட ஒரு விரல் உண்டு.

நான்காவது பொருள்:
பனிமுயல், அணில், காட்டுக்கோழி இவற்றின் மேல்
குறுக்குவில் எய்யலாமா.
மானுக்குப் போன ஆண்டே சரி என்றாயிற்று.
கரடிக்கும்.
கையளவு உயிரிடம் வந்ததும்தான்
ஊர் இரண்டாகப் பிளந்தது.

ஆர்மண்ட் பெல்கி முதலில் எழுந்தார்.
"நாணை இழுத்துப் பிடித்து நிற்கையில் கை நடுங்கும்.
அந்த நடுக்கம்தான் முயலுக்கு நான் தரும் வாடகை.
இதில் நாணைக் கொக்கி பிடித்துக்கொள்கிறது.
நீங்கள் காப்பி குடிக்கலாம்."
'சிரிப்பு' என்று எழுதி, அடித்தேன்.

வில்மா தெரியோ உட்கார்ந்தே பேசினாள்.
மர ஆலையின் ஓடுபட்டை அவள் இடத்தோளை
வாங்கிக்கொண்டு பதினோரு வருடம்.
சட்டைக்குள் கை நுழைக்க
இன்றும் சுவரில் சாய வேண்டும்.
"துப்பாக்கி எடேன்" என்றது பின்வரிசை.
"என்னைச் சுற்றி எட்டு வீடு.
ஒரு வெடிக்கு எட்டு ஜன்னல் திறக்கும்.
எனக்கு வேண்டியது ஒரே ஒரு முயல்.
வெங்காயம் வீட்டில் இருக்கிறது."

கானுயிர்த் துறைப் பையன் வரைபடம் மாட்டினான்.
ஏறி இறங்கும் அலை.
ஆந்தை, கொயோட்டி, காட்டுப்பூனை, பசி.
அம்புக்கென்று அதில் ஒரு கோடுகூட இல்லை.
"அப்படியானால் ஏன் தடுக்கிறீர்கள்?" என்றார் ஒருவர்.
"அப்படியானால் ஏன் கேட்கிறீர்கள்?" என்றார் அவர் மனைவி.

பால்பண்ணை எல்வுட்டுக்கு வேறு கவலை.
"மானுக்கு மேலிருந்து கீழே எய்கிறீர்கள்.
முயலுக்குத் தரையோடு தரையாக.
தவறினால் பனிக்கடியில் புகுந்துவிடும்,
கோடையில் என் புல்லோடு கட்டாகும்.
போன ஆகஸ்டில் பசு ஒன்றின் தொண்டையில்..."
என் விரல் விளக்கைப் போட்டது.
அவர் மரியாதைக்காரர், உட்கார்ந்துவிட்டார்.
அந்தப் பசு என்ன ஆயிற்று என்று குறிப்பில் இல்லை.

குறிப்பில் இல்லாதது இன்னொன்று.
ஜனவரியில், எங்கள் விறகுக் கொட்டகைக்குப் பின்னால்,
தேவதாரு அடிமரத்தோடு தைத்திருந்தது ஒரு முயல்,
தொடை வழியாக.
வெள்ளைமேல் வெள்ளை. கண் மட்டும் கறுப்பு.
சிமிட்டியது.
அம்பின் வால் ஆரஞ்சு நிறம்,
என் மகன் பிறந்தநாளுக்குக் கேட்டு வாங்கிய நிறம்.
பிடுங்குவதற்கு இரண்டு கையும் ஒரு காலும் தேவைப்பட்டன.
பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன்.
அவனிடம் கேட்கவில்லை.
கேட்டால், "அதற்குத்தான் தடை இருக்கிறதே, அம்மா" என்பான்.

மூன்றுக்கு மூன்று.
ஏழாவது உறுப்பினர் ஃப்ளோரிடாவில் வெயில் காய்கிறார்.
பொருள் ஜூனுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வெளியே கார்க் கண்ணாடிகளில் பனி இறுகியிருந்தது.
வில்மா ஒற்றைக் கையால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
ஆர்மண்ட் சுரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.
"அது வில்லே இல்லை, வில்மா" என்று சொல்லிச் சொல்லிச்
சுரண்டினார், ஓட்டுகிற பக்கம் மட்டும்.
"அந்தப் பக்கத்தையும்."
"அங்கே யார் உட்காரப்போகிறார்கள்?"
"முயல்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன்.
மாடியில் மகன் அறையில் வெளிச்சம்.
படியேறினேன், ஏழாவது படியில் நின்றேன்.
மூன்று நிமிடம் இருக்கும்.
விளக்கை அவனே அணைத்தான்.