கூழாவடி, ஏழாம் குறுக்கு

நாலாம் நாளும் விடியவில்லை.
கான் எது, ரோட்டு எது என்று
சரியாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்:
ஓட்டோ ஓடுகிற ஜெயரூபன்,
மற்றது, நேற்று விழுந்த நான்.

கரண்ட் முந்தாநாளே போய்விட்டது.
மிஸிஸ் பாத்தலட்
கிறிஸ்மஸ் நட்சத்திரத்தைக் கழற்றி
உள்ளே ஒரு டோர்ச்சைச் செருகி
மூடியில்லாத கானுக்கு நேரே
கம்பில் கட்டியிருக்கிறா.
"விழுறவன் வெளிச்சத்தில விழட்டும்."

ஏழு மணிக்குப் பாண் வண்டியின் பாட்டுக் கேட்டது.
வண்டி வரவில்லை.
தொடையளவு தண்ணீரில்
தலையில் றெஜிபோம் பெட்டியோடு முர்ஷித் வந்தான்,
சட்டைப்பையில் போன்
அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.
"றாத்தல் எவ்வளவுகா?"
"பழைய விலைதான். ஈரத்துக்குக் காசில்ல."

கமலநேசனுக்கும் தவராணிக்கும் நடுவில்
ஒன்பது வருசமாய் வழக்கில் நின்ற மதில்
இரவு இரண்டு மணிக்குச் சரிந்தது.
பெரிய சத்தமில்லை,
நடந்து களைத்த எருமை படுத்தமாதிரி.
பதினாலு அங்குல நிலம்.
அதற்கு நாலு அப்புக்காத்து,
மாறி மாறி மூன்று நீதவான்,
சங்கிலி பிடித்து அளந்தவர்கள் எத்தனையோ.
தண்ணீர் ஒரு தவணையும் கேட்கவில்லை.
இரண்டு வளவையும் ஒரே மட்டமாக்கிவிட்டுக்
குசினிப் படியைப் பார்த்து ஏறியது.

விடிந்து பார்த்தால்
தவராணியின் வெறும் காஸ் சிலிண்டர்
கமலநேசனின் கிணற்றுக்கட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது.
அவர் பார்த்தார்.
வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி
கொடிக்கயிற்றை அறுத்து
அதைத் தண்ணீர் மோட்டரோடு சேர்த்துக் கட்டினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
யன்னலால் பார்த்தவளும்
ஒன்றும் சொல்லவில்லை.
மத்தியானம் அவருக்கு ஒரு சோற்றுப் பார்சல் போனது,
பருப்பும் சுட்ட கருவாடும்.
நேரே போனால் நாலு அடி.
அது மிஸிஸ் பாத்தலட் வீட்டால் சுற்றி,
ஜெயரூபன் கையால்,
ரோட்டுப் படலை வழியாகப் போனது.

ஒஸ்லோவில் இருந்து தம்பி எடுத்தான்.
என் போனில் பதினொரு வீதம் சார்ஜ்.
"இஞ்ச இடுப்பளவு ஸ்னோ அக்கா,
காரைத் தோண்டி எடுக்கிறன்."
மூச்சு வாங்கினான்.
"உனக்கு அள்ளிக் கரையில குவிக்கவாவது ஏலுது,"
என்றேன். "குடுத்துவச்சவன்."
அவன் சிரிப்பதற்குள் போன் செத்தது.

முகத்துவாரம் வெட்டியாச்சா?
அதுதான் எல்லோருக்கும் கேள்வி.
வெட்டியாச்சாம் என்றார் ஜீ.எஸ்.
மிசினே போகவில்லையாம் என்றான் ஜெயரூபன்.
ஞானவேல் மாஸ்டர் எவரையும் நம்பாமல்
வாசல் நிலையில் பென்சிலால் கோடு கீறிவிட்டுக்
கதிரையில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நாலரைக்குக் கத்தினார்:
"கோடு தெரியுது! கோட்டுக்குக் கீழ ஒரு விரல்!"
ஒழுங்கை முழுக்க ஒரு கூச்சல்,
எலெக்சன் வென்றமாதிரி.
மழை விடவில்லை. ஆனாலும்.

ஏழாம் நாள் வெயில்.
மதிலெல்லாம் மெத்தைகள்,
சேற்று மணம்,
செத்த பாம்பொன்றைச் சுற்றிப் பிள்ளைகள்.
விழுந்த மதிலின் கல்லைக்
கமலநேசன் கழுவிக் கழுவித் தன் பக்கம் அடுக்குகிறார்.
தவராணி தன் பக்கம்.
இரண்டு பேரும் வாய்க்குள் எண்ணுவது கேட்கிறது.
இடையில் எண்ணிக்கை பிசகி
ஒருவர் எண்ணியதில் மற்றவர் தொடர்ந்ததை
நான் கேட்டேன். அவர்கள் கவனிக்கவில்லை.

அடுத்த தவணை ஜனவரி பதினெட்டு.
கோட்டுக்குப் போக
இரண்டு பேரும் தனித்தனியாக
ஜெயரூபனின் ஓட்டோவைச் சொல்லி வைத்திருக்கிறார்கள்,
அதே எட்டரைக்கு.
அவன் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.
சீட்டைக் கழற்றி
வெயிலில் காயப்போட்டிருக்கிறான்.